ஓடைத்தெருவுக்கு வந்த தேர்

தேர் தானாகக் கிளம்பியது ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, ரேஷன் கடையில் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில். சாமி ஏறவில்லை, வடம் பூட்டவில்லை, மேளம் இல்லை, பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. கொட்டகையின் தகரக் கதவு வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழ, அதன் மேல் ஏறிக்கொண்டு தேர் ஓர் ஆள் நீளம் முன்னால் வந்து, சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் நின்றுவிட்டது. மறுநாள் இன்னோர் ஆள் நீளம் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. அது நகர்வதைக் கண்ணால் கண்டவர் இல்லை, அவ்வளவு மெதுவு. சக்கரத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலையை வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தால் வெற்றிலை அடியில் போயிருக்கும்.

எங்கள் ஊர் சேந்தங்கொண்டான் முதல் நாள் கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, மூன்றாம் நாள் கொட்டாவி விட்டது, பத்தாம் நாள் தேரோடு சேர்ந்து வாழப் பழகிவிட்டது. தேரடி நிறுத்தம் தினமும் தள்ளிப்போனதால் மினிபஸ் கண்டக்டர் 'தேர் எங்க நிக்குதோ அங்க எறங்கிக்கங்க' என்று சொல்லிச் சீட்டுக் கிழித்தான். மின்சார வாரியத்து ஆட்கள் காலையில் கம்பியை அவிழ்த்துத் தேருக்கு வழிவிட்டு மாலையில் கட்டினார்கள். டீக்கடை மெய்யழகன் கடையையே நான்கு சைக்கிள் சக்கரத்தின் மேல் ஏற்றிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனான். கீழத்தேர் வீதியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேர் நான்கைந்து நாள் தங்கியதால், அந்த வீட்டார் மாவிலை கட்டி, உறவுக்காரர்களை வரவழைத்து, பாயசம் வைத்து, ஐந்தாம் நாள் மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வழியனுப்பினார்கள். கோயில் அதிகாரி மேலிடத்துக்கு, 'தேர் ஓடவில்லை, சற்றே இடம் பெயர்ந்து வருகிறது' என்று எழுத, 'இடம் பெயர முன் அனுமதி பெறப்பட்டதா' என்று பதில் வந்ததாம்.

நான் பார்க்கப் போகவில்லை. அந்தத் தேரின் முகத்தில் விழித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் ஓடைத்தெருக்காரர்களுக்கு அந்தத் தேரில் ஒரே ஒரு வேலைதான் விதித்திருந்தார்கள். வடம் பிடிக்க விடமாட்டார்கள். சக்கரத்துக்குக் கட்டை போட விடுவார்கள். தேரை இழுப்பது ஐந்நூறு பேர் என்றால் அதை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர். ஆப்பு மாதிரிச் செதுக்கிய கட்டையை நேராகப் போட்டால் தேர் நிற்கும், சாய்த்துப் போட்டால் சக்கரம் அதன் மேல் சறுக்கிக்கொண்டு திரும்பும், ஓர் இமைப்பொழுது தவறினால் கை போகும், தலை போகும். வடத்தைத் தொட்டால் தீட்டு, சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்தால் தீட்டில்லை. இதை யார் வகுத்தார்களோ தெரியாது, சக்கரத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

முன்சக்கரத்துக்கு நான். நான் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் பெரிய வீட்டுக் கோதண்டம் பச்சைத் துண்டை வீச வேண்டும், அவர் வீசிய பிறகுதான் இழுக்க வேண்டும் என்பது முறை. அந்த வருஷம் அவருடைய சம்பந்தி வீட்டார் வெளியூரிலிருந்து வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்கத் தன் அதிகாரத்தைக் காட்டுகிற அவசரத்தில், நான் கையைத் தூக்குவதற்கு முன்பே துண்டை வீசினார். சக்கரம் கட்டை மேல் ஏறி, என் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டு முகப்புத் தூணில் போய் மோதியது. சாயங்காலம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "உத்திராபதி குடிச்சிருந்தான்" என்றார். நான் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஓடைத்தெருவிலிருந்து ஒருத்தரும் எழுந்து அதைச் சொல்லவில்லை. விரல் போனதை நான் மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எனக்கு அதன் கெட்ட முடிவுதான் முதலில் தெரிந்தது. தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு போட வந்தபோது தண்ணீர் வராது என்றேன். எங்கள் மகள் அமுதா நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தபோது கிடைக்காது என்றேன், கிடைத்தது. நிலைக்காது என்றேன், நிலைத்தது. இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறாள், வாரம் ஒரு தடவை அவள் அம்மாவிடம் பேசுகிறாள், என்னைக் கேட்பதில்லை. தெருவில் பெண் பார்க்கப் புறப்படுகிறவர்கள் என் வீட்டைத் தாண்டும்போது சத்தமில்லாமல் நடந்தார்கள். என் மனைவி தைலம்மை நல்ல செய்தி எதுவும் வந்தால் கொல்லைப்புறம் போய்த்தான் சந்தோஷப்பட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் தேர் கீழத்தேர் வீதியின் தென்முனைக்கு வந்தது. அங்கே மேற்கே திரும்பினால் தெற்குத்தேர் வீதி. திரும்பாமல் நேராகப் போனால் எங்கள் தெரு. தேர் என்று ஒன்று செய்த நாளிலிருந்து அந்த முனையில் அது திரும்பாமல் இருந்ததே இல்லை. இந்தத் தடவை திரும்பவில்லை.

அன்றைக்குத்தான் ஊர் விழித்துக்கொண்டது. இரண்டரை மாதம் தேர் தானாக நடந்ததில் அதிசயப்படாதவர்கள், அது ஓடைத்தெருப் பக்கம் மூக்கை நீட்டியதும், என்ன அநியாயம் என்றார்கள். ஜேசிபி கொண்டுவந்து சங்கிலி போட்டுப் பின்னால் இழுத்தார்கள். சங்கிலி ஊறவைத்த நாரைப் போல நீண்டு தொங்கிற்று. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து கோயில் கட்டைகள் அத்தனையையும் நேராக அடுக்கி அடித்தார்கள். தேர் அவற்றின் மேல் படி ஏறுகிற மாதிரி ஏறி இறங்கியது. பிறகு கோதண்டம் எங்கள் தெருமுனைக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல், எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"உத்திராபதி, பழச மனசுல வச்சிக்காத. நீதான் இத நிறுத்தணும். முனையிலயே நிறுத்திடு. பங்குனியில ஒனக்குப் பரிவட்டம் கட்டுறதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"நிக்காதுங்க."

"நீ கட்டை போட்டா நிக்கும்டா."

"நிக்காது. தெருவுக்குள்ள வரும். நடுவுல எங்க தெரு இடப்பக்கம் வளையுது, இது வளையாது, நேரா செல்லாயி வீட்டுல ஏறும். அதோட சேத்துப் பதினோரு வீடு போவும். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

சொல்லும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வீடு போனா போவட்டும், கட்டிக்கலாம். தேரு அந்தத் தெருவுல ஒரு தடவ வந்து நின்னுச்சுன்னா, அப்புறம் வருஷா வருஷம் நிக்கணும்பீங்க. அதான்டா சங்கடம்."

வீட்டுக்கு வந்து தைலம்மையிடம் நடந்ததைச் சொன்னேன். வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டச் சொன்னேன். நமக்கென்று ஒன்று வந்தால் அது நம்மை நசுக்கத்தான் வரும் என்றும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ரெண்டு வெரலு சக்கரத்துல போச்சு, மீதிய நீயே தின்னுட்ட" என்றாள். "கெட்டது எங்கேருந்து வரும்னு முன்னாடியே பாக்குறவன்தான கட்டை போட முடியும்? அதுக்காகத்தான ஒன்ன முன்சக்கரத்துல ஒக்கார வச்சாங்க? சக்கரத்த விட்டுட்டு வந்து, அந்தக் கண்ண வச்சிக்கிட்டு எம் பொண்ணப் பாத்த, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தப் பாத்த, கெணத்தப் பாத்த. வெளங்குமா? போயி அந்தச் சக்கரத்தப் பாரு. அதுக்குத்தான் அந்தக் கண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் போனேன். உச்சி வெயிலில், அதிகாரியும் போலீஸ்காரர்களும் நிழலில் ஒதுங்கியிருந்தபோது, தேருக்கு அடியில் குனிந்து நுழைந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் என் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. வேப்பெண்ணெயும் வெயிலும் சேர்ந்த அந்த வாசனை அப்படியே இருந்தது. தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தால்கூட அந்தப் பெரிய சக்கரம் அதன் மேல் ஏறுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, லேசாக நடுங்கி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்பதுபோல் இருந்தது. பக்கத்தில் கிடந்த கோயில் கட்டை ஒன்றை எடுத்துக் கொஞ்சமாகச் சாய்த்து வைத்தேன். சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்து கொடுத்தது, அடம்பிடிக்காத மாடு மாதிரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அத்தனை பேரும் அதை நிறுத்தக் கட்டை போட்டார்கள். திருப்ப ஒருத்தரும் போடவில்லை. தெற்குத்தேர் வீதிக்குத் திரும்புகிற இடத்தைத் தேர் தாண்டிவிட்டிருந்தது, இனித் திருப்பினால் எங்கள் தெரு வளைவில்தான்.

நான் தேருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்த கோதண்டத்துக்கும் அது விளங்கிவிட்டது, கட்டை இருந்தால் ஒரு வீடும் இடியாமல் தேர் எங்கள் தெருவில் ஓடிவிடும் என்று. மாலைக்குள் கோயில் கட்டைகள் அத்தனையும் அறையில் வைத்துப் பூட்டப்பட்டன.

தெருவில் ஆண்கள் பாதிப் பேர் திருப்பூரில் இருந்தார்கள். இருந்த பாதியில் பலருக்குப் பயம். குழாயடியில் கூடி நின்ற பெண்களிடம், கட்டை இல்லை, ஆள் இல்லை, தேர் உள்ளே வர மூன்று நாள்தான் இருக்கிறது என்றேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிற செல்லாயி, புருஷன் இல்லாதவள், வாய் நீளமானவள், குடத்தைக் கீழே வைத்தாள்.

"கட்டைன்னா என்ன கட்டை அண்ணே? எந்த மரம்?"

"நல்லா வெளஞ்ச மரம். புளி, வாகை, பனைன்னாலும் வைரம் பாஞ்சது."

"எங்க வீட்டு வாசப்படிக் கட்டை வைரம் பாஞ்ச பனைதான்" என்று சொன்னவள், போய் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, தன் வீட்டு வாசற்படிக் கட்டையைத் தானே அறுத்துப் பெயர்த்துத் தலையில் தூக்கிவந்து என் காலடியில் போட்டாள். "மாடு பூந்தா பூந்துட்டுப் போவுது. வேற என்ன கெட்டது நடக்கும்னு சொல்லு. நீதான் அதுல கெட்டிக்காரனாச்சே."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சொல்லத் தொடங்கினேன். தெருமுனையில் மண் இளக்கம், சக்கரம் புதையும் என்றேன். செங்கல் ஜல்லி கொட்டி இடித்தார்கள். குழாயடி உடையும் என்றேன். மேடையை இடித்துக் குழாயைத் தள்ளி வைத்தார்கள். கலசம் வேப்பமரத்துக் கிளையில் சிக்கும் என்றேன், கிளையை வெட்டினார்கள். கட்டை பிளக்கும் என்றேன். வீட்டுக்கு வீடு வாசற்படியைப் பெயர்த்து, அறுபத்துமூன்று கட்டை செதுக்கி, எண்ணெயில் ஊறவைத்தார்கள். கை நசுங்கும் என்றேன். மிளகாய் இடிக்கிற உலக்கைக்கு அடியில் கையை விட்டு எடுத்துப் பழகினார்கள், தைலம்மை உள்பட. இருபத்திரண்டு வருஷமாக நான் வாயைத் திறந்தால் ஒதுங்கிப் போனவர்கள், அந்த மூன்று நாளும், அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; எனக்குச் சொல்ல வருகிறதெல்லாம் தீர்ந்து போகும் வரைக்கும் கேட்டார்கள்.

"பொம்பளைங்க தேருக்குக் கட்டை போடக் கூடாது, ஆகாது" என்று தெருமுனையில் நின்று கோதண்டம் சொன்னார்.

"தேரே தானா வருதுங்க, அதுக்கு ஆகுமான்னு கேட்டீங்களா?" என்றாள் செல்லாயி.

தேர் உள்ளே வந்தது. பதினெட்டடி அகலத் தேர், இருபதடி அகலத் தெரு. ஐப்பசித் தூறலில், ஒரு நாளைக்கு ஓர் ஆள் நீளம், இடது முன்சக்கரத்துக்குத் தைலம்மை, வலது முன்சக்கரத்துக்கு நான், பின்சக்கரங்களுக்குச் செல்லாயியும் அவள் நாத்தனாரும். கூரைகளுக்கு மேலே கலசம் போவதை முதல் தடவையாகப் பார்த்த எங்கள் தெருக் கிழவர்கள் சிலர் கும்பிட மறந்து நின்றார்கள். சிலர் திட்டினார்கள், இவ்வளவு நாள் எங்கேடா இருந்தே என்று. வாசற்படி இல்லாத வீடுகளுக்குள் கோழியும் ஆடும் போய் வந்தன. யாரும் விரட்டவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் தேர் வளைவுக்கு வந்தது.

வளைவில் கோதண்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடைப்பக்கமாகச் சேற்றில் இறங்கிச் சுற்றி வந்திருக்கிறார். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு. வலது முன்சக்கரத்துக்கு நேர் எதிரே, செல்லாயி வீட்டுச் சுவருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, "என் மேல ஏத்திட்டுப் போங்கடா பாப்போம்" என்றார்.

"ஐயா, அதுக்கு நீங்க மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருக்கணும்" என்றாள் தைலம்மை. "மோர் தரட்டுமா?"

அவர் எங்கள் தெருவில் பச்சைத் தண்ணீர் குடித்தவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயில் ஏறியது. தெரு முழுக்க நின்று பார்த்தது, கூரை மேலும் ஏறிப் பார்த்தது. பதினோரு மணிக்குச் சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி. பன்னிரண்டுக்கு ஒரு முழம். அவர் வீறாப்பாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், கண் திறந்து எழுந்திருக்கப் பார்த்தபோது, தரையில் புரண்டிருந்த வேட்டியின் கரை சக்கரத்துக்கு அடியில் போயிருந்தது. இழுத்தார். வரவில்லை. வேட்டியை விட்டுவிட்டு எழுந்தால் ஓடைத்தெருப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்டர்வேரோடு நிற்க வேண்டும். மறுபடி உட்கார்ந்தார்.

"நிறுத்துடா."

"நிக்காதுங்க. அவுத்துட்டு எந்திரிங்க."

"முடியாதுடா!"

வேட்டி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தது. நாற்காலியின் கால் மடங்கி ஒடிய, அவர் தரையில் உட்கார்ந்த வாக்கில் சரிந்து, இடது பாதம் சக்கரத்துக்கு அரையடியில் வந்து நின்றது. கைகளை ஊன்றிப் பின்னால் நகரப் பார்த்தார், பின்னால் சுவர்.

இருபத்திரண்டு வருஷமாக நான் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். இதைத்தான் கேட்டேன். இப்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், ஒரு பாவமும் என்னைச் சேராது. ஆனால் அவர் காலுக்குப் பின்னால் ஒன்றரை அடியில் செல்லாயியின் சுவர் இருந்தது. சுவருக்கு உள்ளே அவளுடைய அடுப்பும், அவள் பிள்ளைகளின் புத்தகமும், அதற்கு அடுத்து பத்து வீடும் இருந்தன. கட்டை விழ வேண்டிய இடம் சக்கரத்துக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே இருந்த அந்த அரையடி. இன்னும் நெருங்கவிட்டால் இடம் இருக்காது. இப்போதே போட்டால் கோணம் போதாது. எல்லாக் கெட்டதும் என் கண்ணுக்குத் தெரிந்தது, கட்டை வழுக்குவது தெரிந்தது, அச்சு முறிவது தெரிந்தது, மீதி விரல்கள் போவது தெரிந்தது. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் தெரிந்தது. வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தேன். பெரிய வீட்டுக் கோதண்டத்தின் பாதத்தை என் தோளால் தள்ளினேன். சக்கரம் அந்த ஒரு கணம் நின்று நடுங்கியது. கையைத் தூக்கினேன். எதிரே துண்டு வீச ஆள் இல்லை, எனக்கு வேண்டியதும் இல்லை.

"தைலா, எடு!" என்றேன். அவள் இடப்பக்கக் கட்டையை உருவினாள். நான் என்னுடையதைச் சாய்த்துச் செருகிக் கையை எடுத்தேன்.

அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் தேர் நகர்வதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரு முனகல் முனகி, கலசம் வானத்தில் ஒரு கோடு கிழிக்க, சக்கரம் என் கட்டை மேல் சறுக்கி, பட்டுக்கரையை ஒரு முழம் கிழித்துக்கொண்டு, இடப்பக்கமாகத் திரும்பியது. செல்லாயி வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. சுவர் நின்றது. என் விரல்களை எண்ணிப் பார்த்தேன், காலையில் இருந்த எட்டும் இருந்தன.

தெரு எழுப்பிய சத்தத்தில் ஓடைக்கு அக்கரையில் இருந்த கொக்குகள் எழும்பின. சத்தம் அடங்கிய பிறகுதான், சுவருக்கும் தேருக்கும் நடுவே ஒரு சந்தில் கிழிந்த வேட்டியோடு கோதண்டம் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தோம். முன்னாலும் சக்கரம், பின்னாலும் சக்கரம். அவர் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது, அது செல்லாயி வீட்டு வாசல்.

செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க. படி இல்ல, பயப்படாம கால வைங்க. நேரா போனீங்கன்னா அடுப்பங்கரை, அத தாண்டுனா கொல்லை. தாகமா இருந்தா பானையில தண்ணி இருக்கு, டம்ளர் பக்கத்துலயே இருக்கு. கவுத்து வச்சிட்டுப் போங்க."

அவர் உள்ளே போனார். தண்ணீர் குடித்தாரா என்று தெருவே அவளைக் கேட்டது, அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை நான் மன்னித்துவிட்டதாக யாரும் கதை கட்ட வேண்டாம். அன்றைக்கு நான் குடித்திருந்ததாக அவர் சொன்னது அப்படியேதான் என் மனசில் இருக்கிறது. ஆனால் அவர் அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்ததைத் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. பின்சக்கரம் இன்னும் வளைவைத் தாண்டவில்லை, அது எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.